சிட்டையும் சாவியும்: வீட்டை ஒழுங்குபடுத்துவதும் ஒரு தொழில்தான்

வணிகப் பெருமக்களில் பலருக்கும் கடையில் எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தெரியும். துவரம்பருப்பு எத்தனை மூட்டை இருப்பு, போன வாரம் வந்த வெல்லம் எங்கே அடுக்கியிருக்கிறது, பெருங்காய டப்பா எத்தனை மிச்சம் என்று கேட்டால் உடனே பதில் வரும். அதே முதலாளியிடம் "உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். வீட்டில் கேட்டால், "அதெல்லாம் மாமியார் காலத்துச் சாமான், இறக்கிப் பார்த்தே பல வருஷமாச்சு" என்று பதில் வரும்.

கடைக்கு இருப்புக் கணக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை. இந்தக் குறையை நிறைவு செய்து கூலி பெறுவது இன்று ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை இறக்கி, பிரித்து, துடைத்து, எழுதி, தேடினால் உடனே கிடைக்கும்படி அடுக்கிக் கொடுப்பதுதான் அந்தத் தொழில். பெரிய நகரங்களில் இதை முழுநேர வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் இதற்கு இருக்கும் தேவை நகரங்களில் இருப்பதைவிட வேறு வகையானது, அதைவிட ஆழமானதும்கூட. நம் பிள்ளைகளும், கடைக்கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்களும், வீட்டில் இருந்தபடியே ஏதேனும் தொழில் செய்ய விரும்பும் பெண்களும் இதில் இறங்கலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வெளிநாட்டில் எப்படி வளர்ந்தது?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இந்த வேலையைச் செய்துவந்த சில பெண்கள் 1983ஆம் ஆண்டில் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று அது நாடு முழுவதும் உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு. அங்கே சான்றிதழ் பெற வேண்டுமானால் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கூலிக்கு வேலை செய்த அனுபவம் காட்டித் தேர்வும் எழுத வேண்டும். அவ்வளவு கண்டிப்பான தொழிலாக அது மாறிவிட்டது.

ஜப்பானில் மாரி கொண்டோ என்ற பெண் கல்லூரியில் படிக்கும்போதே, தம் 19ஆம் வயதில், பிறர் வீடுகளை ஒழுங்குபடுத்தித் தரும் வேலையைத் தொடங்கினார். அதைப்பற்றி அவர் எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வெளிவந்து உலகெங்கும் விற்றது. 2019இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அறை அறையாக அடுக்காமல் வகை வகையாக அடுக்க வேண்டும் என்பது அவர் முறை. முதலில் துணி, பிறகு புத்தகம், பிறகு காகிதம், பிறகு சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருள்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது மனத்துக்கு மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடைகொடுத்து அனுப்ப வேண்டும் என்கிறார்.

வகைப்படுத்தும் முறை நமக்கும் பொருந்தும். மகிழ்ச்சி தராததைக் கழிப்பது என்பதைத்தான் செட்டிநாட்டில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே ஒரு சிறிய வீட்டில் இருப்பது ஒரு குடும்பத்தின் பொருள். இங்கே ஒரு வளவில் இருப்பது ஏழெட்டுப் பங்காளிகளின் பொருள். ஒருவருக்கு மகிழ்ச்சி தரவில்லை என்பதால் இன்னொருவரின் அண்டாவைக் கழித்துவிட முடியுமா? ஆகவே இங்கே கழிப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். எது யாருடையது என்ற சிட்டைதான் இந்த ஊரில் முதல் வேலை.

நமக்குப் பழக்கமான கலைதான்

இந்த மண்ணுக்கு அந்தச் சிட்டை புதிதல்ல. நகரத்தார் திருமணத்தில் சாமான் பரப்புதல் என்ற வழக்கம் அனைவரும் அறிந்ததே. பெண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எனாமல், மரச் சாமான் அனைத்தையும் வகை பிரித்து, அளவு வாரியாகப் பரப்பி வைப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது அழகு. கணக்கு எழுதுகிறவருக்கு அது இருப்பு எடுக்கும் நேரம். மணவினை உடன்பாட்டை எழுதும் இசைகுடிமானம், செய்முறைகளை எழுதும் முறைச்சிட்டை, மொய்க்கு ஒரு சிட்டை என்று எழுத்தில்லாமல் எதுவும் நடந்ததில்லை.

மணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டில் தனி அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்தச் சொல்வதை "வேறு வைத்தல்" என்பார்கள். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சாமான் என்று அளந்து கொடுத்து, அதற்குள் குடும்பத்தை நடத்தப் பழக்கினார்கள். ஒரே கூரையின்கீழ் பல அடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி இருப்பு, தனிக் கணக்கு. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழியை வீட்டுக்குள் நடத்திக்காட்டிய ஏற்பாடு இது.

பாத்திரத்தின் கழுத்திலோ விளிம்பிலோ விலாசம் வெட்டும் பழக்கமும் அப்படியே. குடும்பத்தின் முன்னெழுத்துகளை உளியால் புள்ளி புள்ளியாகப் பதித்துவிட்டால், எந்தக் கல்யாணத்துக்கு இரவல் போனாலும் பாத்திரம் தன் வீடு தேடி வந்துவிடும். இன்றைக்குக் கடைகளில் பெட்டிக்குப் பெட்டி ஒட்டுகிறோமே, அந்தச் சீட்டின் வேலையை அன்றே உளி செய்தது.

கொண்டுவிற்கப் போன இடங்களிலும் இதே ஒழுங்குதான். சிங்கப்பூர், பினாங்கு போன்ற ஊர்களில் இருந்த கிட்டங்கிகளில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, ஒரு பெட்டி, ஒரு பாய். அந்தச் சிறு இடத்துக்குள் தொழிலும் தூக்கமும் கணக்கும் நடந்தன. இடம் குறைவு என்பதால் ஒழுங்கு கெட்டதில்லை.

இன்று தேவை எங்கே இருக்கிறது?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தப் பெரிய வீடுகள் எழுந்தன. பர்மாத் தேக்கும், ஐரோப்பியக் கண்ணாடியும், எனாமல் பாத்திரமும், பர்மா அரக்குச் சாமானும் கப்பலில் வந்து இறங்கின. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அந்த ஓட்டம் நின்றது. பிறகு குடும்பங்கள் சென்னை, கோவை, பெங்களூர், வெளிநாடு என்று பரவின. வீடுகள் பூட்டப்பட்டன, சாமான்கள் உள்ளே நின்றன. 2014இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வெளியே இருந்து பார்க்க வருகிறவர்கள் முகப்பையும் தூணையும் பார்க்கிறார்கள். உள்ளே அடைத்துக் கிடக்கும் அறைகளின் நிலை வீட்டுக்காரர்களுக்கே தெரிவதில்லை.

அந்த அறைகள் திறக்கும் நாள்கள் சில உண்டு. குடும்பத்தில் கல்யாணம் என்றால் திறக்கும். பங்காளிகள் கூடிப் படைப்புப் போடும்போது திறக்கும். பாகப் பிரிவினை என்றால் திறக்கும். மூன்றுக்கும் அவசரம் ஒன்றுதான்: இரண்டு நாளில் எல்லாம் முடிய வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு விடுமுறை அவ்வளவே. அந்த அவசரத்தில் எது பழைய இரும்பு, எது அரிய பொருள் என்று யார் பார்ப்பது? பித்தளை என்றால் கிலோ கணக்கு, மரம் என்றால் மொத்த விலை என்று போய்விடுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதை நாம் அறிவோம். அங்கே நேர்மையாகத் தொழில் நடத்துகிறவர்களைப்பற்றிப் பேச்சில்லை. விற்பது அவரவர் உரிமை. ஆனால் என்ன விற்றோம் என்று தெரியாமல் விற்பது எந்த வணிகருக்கும் அழகல்ல. சிட்டை இல்லாத வீட்டில் அதுதான் நடக்கிறது.

அதனால் வரும் மனக்கசப்பு அதைவிடப் பெரியது. "அப்பத்தாவின் வெள்ளிக் கூஜா எங்கே?" என்று ஒருவர் கேட்க, "சாவி உங்களிடம்தானே இருந்தது" என்று இன்னொருவர் சொல்ல, பேச்சு வார்த்தையே நின்றுபோன பங்காளிகள் எத்தனையோ பேர். காணாமல் போன கூஜாவின் விலை சில ஆயிரமாக இருக்கலாம். அதனால் அறுந்த உறவுக்கு விலை இல்லை. எழுதி வைத்த ஒரு சிட்டை இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கோட்டையூர் தரும் பாடம்

வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குப் பட்டியல் என்ன செய்யும் என்பதற்குக் காரைக்குடிக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் என்று பிறர் குப்பை எனக் கழித்ததையெல்லாம் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் காலமானபோது சேர்ந்திருந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அது சிதறாமல் தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒவ்வொன்றுக்கும் பட்டியல் எழுதினார்கள், மைக்ரோபிலிம் எடுத்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடுகிறார்கள்.

எல்லா வீட்டிலும் ஒரு லட்சம் நூல் இருக்காது. ஆனால் பர்மாக் கடைப் பேரேடு, ஐந்தொகை, பழைய கடிதம், அழைப்பிதழ் இல்லாத பழைய வீடு இந்தப் பக்கம் அபூர்வம். எடைக்குப் போகும் முன் அவற்றை ஒருவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மளிகைக் கடையில் கற்றதை வீட்டுக்குக் கொண்டு போகலாம்

இந்தத் தொழிலுக்கு வேண்டிய அறிவில் பாதி மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது.

1. பழைய சரக்கு முன்னே, புதிய சரக்கு பின்னே. அடுக்களை அலமாரிக்கும் இதுவே விதி. மாதச் சாமானை வாங்கி அப்படியே டப்பாவில் கொட்டுகிற வீட்டில் அடியில் கிடக்கும் பருப்பில் வண்டு விழாமல் என்ன செய்யும்?

2. மூட்டை தரையைத் தொடக்கூடாது, சுவரையும் தொடக்கூடாது. கீழே கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குகிறோம். துணிப் பெட்டிக்கும் புத்தகப் பெட்டிக்கும் ஈரமும் கறையானும் வராமல் காப்பது அதே இடைவெளிதான்.

3. அதிகம் போகும் சரக்கு கை எட்டும் தூரத்தில். தினம் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, கனமானது கீழே, ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது மேலே. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம். ஸ்டூல் போட்டு ஏறி விழுந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

4. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர். "இரண்டாம் கட்டு, வடக்கு அறை, கீழ்த்தட்டு" என்று சொன்னால் யாரும் போய் எடுத்துவர வேண்டும்.

5. ஆண்டுக்கு ஒருமுறை இருப்பு எடுத்தல். மார்ச் 31இல் கடைக்கு எடுப்பது போல, வீட்டுக்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுக்கியது ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

ஜப்பான் தொழிற்சாலைகளில் ஐந்து 'எஸ்' என்று ஒரு முறை உண்டு. வேண்டாததைப் பிரி, வேண்டியதை வரிசையாக வை, துப்புரவு செய், அதையே வழக்கமாக்கு, விடாமல் கடைப்பிடி என்பவை அவை. நம் பெரியவர்கள் கடைப்பையனுக்கு முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பதும் இவைதாமே!

வேலை நடக்கும் முறை

முதல் நாள் எதையும் தொடக்கூடாது. வீட்டுக்காரரோடு எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்து, எதற்காக ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கா, பாகத்துக்கா, வாடகைக்கு விடவா, அம்மா இனித் தனியாக இருக்கப்போகிறார் என்பதற்கா? நோக்கம் வேறானால் வேலையும் வேறு.

கூட்டு வீடு என்றால் பங்காளிகள் அனைவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வர இயலாதவர்கள் தங்கள் சார்பில் ஒருவரைச் சொல்லட்டும். இந்தச் சம்மதம் இல்லாமல் பூட்டைத் திறப்பது பின்னால் வம்பு.

பிறகு ஒரு நேரத்தில் ஓர் அறை. பல நாள் பூட்டிய அறையைத் திறந்து காற்று வரவிட்டு, கழி தட்டி, விளக்கு அடித்துப் பார்த்த பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். தேளும் பாம்பும் வௌவாலும் நம் வரவை எதிர்பார்ப்பதில்லை. முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

சாமானை வளவில் பாய் விரித்து வகைவாரியாகப் பரப்ப வேண்டும். பழைய சாமான் பரப்புதல்தான், நோக்கம்தான் வேறு. வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் நாற்காலி போட்டு நடுவே உட்கார வையுங்கள். "ஆச்சி, இது யார் கொண்டுவந்த சாமான்?" என்று கேட்டால், எந்தக் கல்யாணத்தில் வந்தது, யார் செய்தது, ஏன் விளிம்பு நெளிந்தது என்பதுவரை சொல்வார்கள். அதை அப்படியே குறிப்பில் ஏற்ற வேண்டும். ஆச்சியின் நினைவு வேறு எந்தப் பேரேட்டிலும் கிடையாது.

சிட்டையில் இருக்க வேண்டியவை: வரிசை எண், பொருள், எதனால் ஆனது, எண்ணிக்கை, வெள்ளி என்றால் எடை, விலாசம், இப்போதைய நிலை, வைத்த இடம், உரியவர். "எண் 14. பித்தளை அண்டா 1. விலாசம் உண்டு. விளிம்பில் நெளிவு. இரண்டாம் கட்டு வடக்கு அறை, கீழ்த்தட்டு" என்பது போல இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு படம். பொருளில் அதே எண்ணை நூலில் கட்டிய சீட்டாகத் தொங்கவிடலாம்; பசை வைத்து ஒட்டக்கூடாது. சாவிகளுக்கும் எண் இட்டுத் தனிச் சிட்டை எழுத வேண்டும். வேலை முடிந்ததும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, பங்காளிகளுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்துவிட வேண்டும்.

பொருள் அறிந்து கை வைக்க வேண்டும்

துடைப்பதிலேயே பொருளைக் கெடுத்துவிட முடியும். சில எச்சரிக்கைகள்:

ஆத்தங்குடித் தரைக்கற்கள் சிமெண்டால் ஆனவை. ஆசிட் ஊற்றினால் மேற்பூச்சு அரித்துவிடும். இரும்புப் பெட்டியை அதன்மேல் இழுக்கக்கூடாது. கோணி விரித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். கண்ணாடி போல மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிப்பதும், ஒட்டு நாடா ஒட்டுவதும் கூடாது.

பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் பையில் வைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால் சரிகை மடிப்பிலேயே ஒடியும். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது.

வெள்ளிச் சாமானைச் சேர்த்துக் கட்ட ரப்பர் வளையம் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தனியே பிரித்து வைத்து, புளிப்புச் சமையலுக்கு ஆகாது என்று சீட்டில் எழுத வேண்டும்.

தஞ்சாவூர்ப் படத்தின் மேல் ஈரத்துணி படக்கூடாது. ஓலைச்சுவடி கிடைத்தால் கட்டைப் பிரிக்காமல் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். பனையோலைக் கொட்டானை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தாமல், காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

சட்டமும் காகிதமும்

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்துக்குள் வருகின்றன. சிலை, ஓவியம் போன்ற சில வகைகளுக்குப் பதிவு வேண்டும். அவற்றை வாங்கி விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. யானைத் தந்தத்தில் செய்த பொருள்களை விற்பதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தடை இருக்கிறது. இத்தகைய பொருள் கண்ணில் பட்டால் சிட்டையில் எழுதி, வழக்கறிஞரைக் கேட்கும்படி வீட்டுக்காரருக்குச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது.

பல நேரங்களில் பாத்திரத்தைவிடக் காகிதமே விலை மதிப்புள்ளது. பத்திரம், பட்டா, பாகப் பிரிவினை, உயில் ஒரு கட்டு. வங்கி, காப்பீடு ஒரு கட்டு. பங்குச் சான்றிதழ் ஒரு கட்டு. குடும்பக் கடிதம் ஒரு கட்டு எனப் பிரிக்கலாம். பத்து ஆண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்புகளைத் தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023இல் 'உத்கம்' என்ற இணைய வழியைத் திறந்தது. ஏழு ஆண்டு ஈவுத்தொகை வாங்காத பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். உரியவர் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். காகிதப் பங்குகளை மின்வடிவுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. பழைய பெட்டியின் அடியில் கிடந்த ஒரு சான்றிதழே ஒழுங்குபடுத்திய கூலியைப்போலப் பல மடங்கு கொண்டுவரக்கூடும்.

கூலி எப்படிக் கணக்கிடுவது?

"மொத்தமாக எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஓர் அறையைத் திறந்து பார்க்காமல் மொத்தத் தொகை சொல்லக்கூடாது. நாள் கணக்கே இரு தரப்புக்கும் நியாயம். ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். கூலி ஊருக்கு ஊர் மாறும் என்பதை மனத்தில் கொள்ளவும்.

மூன்று அறையும் அடுக்களையும் உள்ள வேலை, நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு உதவியாளர்களுக்கு நாளொன்றுக்குத் தலா ரூ.700 வீதம் ரூ.5,600. பொறுப்பாளருக்கு நாளொன்றுக்கு ரூ.1,500 வீதம் ரூ.6,000. துணி, சீட்டு, நூல், டப்பா, நோட்டு ரூ.1,800. போக்குவரத்து ரூ.800. ஆக மொத்தம் ரூ.14,200. இதன்மேல் 15 விழுக்காடு லாபம் ரூ.2,130 சேர்த்தால் ரூ.16,330. ஆண்டுக்கு ஒருமுறை வந்து சரிபார்க்கும் வேலைக்குத் தனியாக ஒருநாள் கூலி பேசிக்கொள்ளலாம். நிலையான வருமானம் அதில்தான் இருக்கிறது.

தொடக்க முதலீடு மிகக் குறைவு. அளவு நாடா, விளக்கு, ஏணி, தராசு, கையுறை, முகமூடி, நோட்டு, படம் எடுக்கும் கைப்பேசி போதும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே ரசீது போட்டுப் பழகுவது நல்லது.

முதல்தான் நாணயம்

இந்தத் தொழிலின் உண்மையான முதல் பணம் அல்ல, நாணயம். இன்னொருவர் இரும்புப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறோம். ஒரே ஒரு சொல் தவறாகப் பரவினால் ஊரில் மறுபடி எந்தக் கதவும் திறக்காது. ஆகவே சில கட்டுப்பாடுகளை முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

ஒழுங்குபடுத்துகிறவர் அந்த வீட்டுப் பொருளை விலைக்கு வாங்கக்கூடாது. தாம் வாங்காமல், வாங்குகிறவரிடம் தரகு பெறுவதும் கூடாது. வீட்டுக்காரர் விற்க விரும்பினால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுக்கொள்ளும்படி சொல்லலாம், அவ்வளவே. சிட்டை எழுதும் கையே விலையும் பேசினால் சிட்டையை யார் நம்புவார்? எடை போடுகிறவர், வாங்குகிறவர், விற்கிறவர் மூவரும் ஒருவராக இருக்கும் சந்தையில் நாம் சரக்கு இறக்குவோமா?

எந்த அறையிலும் ஒருவராகத் தனித்து நிற்கக்கூடாது. இருவர், அதிலும் ஒருவர் வீட்டுத் தரப்பில் இருப்பது நல்லது. நகையும் ரொக்கமும் வெளிப்பட்டால் வேலையை நிறுத்தி, வீட்டுக்காரரை அழைத்து, அவர் கையால் எடுக்கச் சொல்ல வேண்டும். மாலையில் சாவியைக் கொடுத்துக் குறிப்பில் கையெழுத்து வாங்கிய பிறகே வெளியேற வேண்டும். ஒரு வீட்டில் கண்டதை இன்னொரு வீட்டில் பேசக்கூடாது. எடுத்த படத்தை அனுமதியின்றி யாருக்கும் காட்டக்கூடாது.

எதைக் கழிப்பது என்ற முடிவும் நம்முடையதல்ல. கணவர் மறைந்த வீட்டில் அவர் சட்டை பத்து ஆண்டாக ஆணியில் தொங்கினால், அது இடத்தை அடைக்கிறது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. துடைத்து, மடித்து, எங்கே வைக்கட்டும் என்று கேட்பதுதான் நம் வேலை.

எப்படித் தொடங்கலாம்?

முதலில் சொந்த வீட்டில் ஓர் அறையைச் சிட்டையோடு முடித்துப் பாருங்கள். எத்தனை மணி ஆனது, எங்கே தடுமாறினோம் என்று எழுதி வையுங்கள். பிறகு உறவினர் வீடு இரண்டு, செலவுத் தொகை மட்டும் வாங்கிக்கொண்டு. நான்காவது வீட்டிலிருந்து கூலி பேசலாம். கல்யாண மாதங்களுக்கு இரண்டு மாதம் முன்பே விசாரித்து வைத்தால் வேலை தானே வரும். கானாடுகாத்தான், காரைக்குடிப் பகுதிகளில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக நடத்துகிறவர்களுக்கும் இருப்புச் சிட்டை தேவைப்படும்.

மளிகைக் கடைக்காரர் கடையை விட்டுவிட்டு இதற்குப் போக வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளரின் அடுக்களையை ஒருமுறை ஒழுங்குபடுத்திக் கொடுத்து, டப்பாவுக்கு டப்பா பெயர் எழுதி, மாதம் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு சிட்டை போட்டுக் கொடுத்தால், அந்த வீட்டின் மாதச் சாமான் வேறு கடைக்குப் போகுமா? இணையத்தில் பொத்தானை அழுத்தினால் சரக்கு வரும். அதை யார் வந்து அடுக்கிக் கொடுப்பார்? அது அக்கம்பக்கத்துக் கடைக்காரரால் மட்டுமே முடியும்.

"எண்ணிச் செய்கிறவன் செட்டி" என்று பழமொழியே இருக்கிறது. எண்ணுவது நம் தொழில். அடுக்குவது நம் தொழில். சொன்ன சொல்லைக் காப்பதும் நம் தொழில். இந்த மூன்றையும் கடைவாசலோடு நிறுத்திக்கொள்ளாமல் வீட்டுக்குள்ளும் கொண்டு போவோம். அடுத்த முறை குடும்பத்தில் விசேஷம் வந்து பூட்டிய அறை திறக்கும்போது, சாமானை இறக்கும் முன்னே ஒரு நோட்டைத் திறந்து "எண் 1" என்று எழுதத் தொடங்குங்கள். தொழிலாகச் செய்யாவிட்டாலும், நம் வீட்டுக்கு அந்தச் சிட்டை வேண்டும்.